ஒரு வாரத்துக்கு வைத்த பெட்டிகள்

"ஒரு வாரம் வச்சிருங்க சிஸ்டர், லாரி வந்து எடுத்துக்கிடும்" என்றுதான் சுகாதார ஆபீஸ்காரர்கள் இறக்கிவிட்டுப் போனார்கள். ஆமத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நான் நர்ஸ். முன்பக்கம் துணை சுகாதார நிலையம், பின்பக்கம் என் குடியிருப்பு. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தாயிற்று, மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இருக்கிற ரெண்டு அறையில் ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இறக்கியது சானிடைசர் கேன்களும் பாதுகாப்பு உடைப் பெட்டிகளும். கொரோனா நேரத்தில் அரசுப் பணத்தில் அவசர அவசரமாக வாங்கியவை. சானிடைசரில் மெத்தனால் என்கிற விஷச் சாராயம் கலந்திருக்கிறது, யாருக்கும் கொடுக்காதே, கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று உத்தரவு வந்தது. உடையின் லட்சணம், மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினால் அக்குளில் தையல் விட்டுப்போகும். சுற்றுவட்டாரத்தில் இருந்த அம்புட்டையும் என் தலையில் கட்டினார்கள்.

வாரம் மாதமாகி, மாதம் வருஷமாயிற்று. விற்ற கம்பெனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால், கேஸ் நடக்கிறது, அழிக்கவும் கூடாது என்றார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கும் மேஜைக்கு மேலே ஒரு டியூப்லைட் கேட்டு எழுதினால் நிதி இல்லை என்று பதில் வரும். வயிறு எரியும் எனக்கு. இதற்கு மட்டும் எங்கேயிருந்து கொட்டிக் கொடுத்தீர்கள் என்று கேன்களைப் பார்த்துத்தான் திட்டுவேன். வேறு யார் இருக்கிறார்கள் திட்ட? சாயங்காலமானால் அந்த வீட்டில் எனக்குத் துணை அவைதான்.

பயம் இல்லாமல் இல்லை; ஒரு பொறி பட்டாலும் குப்பென்று பற்றிக்கொள்கிற சரக்கு. நானும் பட்டாசு ஊரில் பிறந்தவள்தானே. அடுப்பை வராந்தாவுக்கு மாற்றினேன். சாமிக்கு விளக்கேற்றுவதை நிறுத்தினேன்.

அப்போதுதான் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். எனக்கு உயிரே வந்தது. ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றையெல்லாம் தொட்டுப் பார்க்கிறவள், இனி என் பிள்ளையைப் பார்ப்பேன்; கொஞ்ச காலமாவது வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். அறையைக் காலி செய்யச் சொல்லி ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நானே கேன்களைச் சுவரோரம் தள்ளி, பெட்டிகளை மேலே ஏற்றி, ஒரு கட்டில் போட இடம் பண்ணினேன்.

வளைகாப்பு முடிந்து மகளை அழைத்து வந்தபோது சம்பந்தியும் கூட வந்தார். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். செருப்பைக் கழற்றியவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். சட்டைப்பையிலிருந்து போனையும் தீப்பெட்டியையும் எடுத்து வெளிச்சுவரின் மேல் வைத்தார். கம்பெனி கேட்டில் தினமும் செய்கிற காரியம்; கை தானாகச் செய்தது.

"என்னத்த வச்சிருக்கீக தங்கச்சி உள்ள?"

அறையைத் திறந்து காட்டினேன். "அடுப்ப வெளியதான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. விளக்குகூட ஏத்துறதில்ல" என்றேன், பெருமையாக வேறு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த வாடை பழகிப் பழகி என் மூக்குக்கு எப்போதோ தெரியாமல் போயிருந்தது.

அவர் கோபப்படவில்லை. "விளக்கேத்த முடியாத வீட்டுல புள்ளத்தாச்சிய எப்படி விட்டுட்டுப் போவேன்? கம்பெனியில வெடிமருந்து இருக்குற ரூமுல நாங்க உக்காந்து சாப்பிடக்கூட மாட்டோம். நீங்களும் கிளம்புங்க, நம்ம வீட்டுல வந்து இருங்க" என்றார்.

எங்கே கிளம்புவது? அரசாங்கச் சரக்கு, பொறுப்பு என் பேரில் இருக்கிறது. மகள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "கோவிச்சுக்கிடாதம்மா" என்றாள். அவளுக்காக வைத்த பூண்டுக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். கை நிறைய வளையலோடு வந்த பிள்ளை, உட்காராமலே வண்டி ஏறிப் போனாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பேரன் சிவகாசி ஆஸ்பத்திரியில் பிறந்தான். சம்பந்தி வீட்டில் வளர்ந்தான். லீவு போட்டு ஓடுவேன். விருந்தாளிக்குக் கொடுப்பது மாதிரி எனக்குத் தட்டில் வைத்துக் காபி கொடுப்பார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனுஷர்கள். குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குள் கிளம்பி வருவேன்.

கேஸ் ஒருவழியாக முடிந்து, லாரி போன மாதம் வந்தது. ஏற்றுக்கூலி, அழிக்கிற செலவு, அதுவும் அரசுப் பணம்தான். அறையைக் கழுவி வெள்ளையடித்தேன். அடுப்பை உள்ளே கொண்டுவந்தேன். கூரைக் கொக்கியில் பழைய நூல் சேலை ஒன்றைத் தொட்டிலாகக் கட்டிப் பார்த்தேன். பைத்தியம்தான். பேரன் இப்போது தெருவில் ஓடுகிறான், அவன் எங்கே தொட்டிலில் படுக்கப்போகிறான்?

நேற்று ஆபீசிலிருந்து போன். "ரூம் காலியாத்தானே கிடக்கு சிஸ்டர்? புது மாஸ்க் பெட்டி வருது. ஒரு வாரம்தான்."

"இல்ல சார். ரூமுல ஆள் இருக்கு."

"யாரு?"

"மகள் வந்திருக்கா, கைப்பிள்ளையோட."

"அப்படியா, சந்தோசம். நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார்.

"பாத்துக்கிடுறேன் சார்" என்று போனை வைத்தேன். பிறகு போய், தொட்டிலை அவிழ்க்காமல் அறைக் கதவைச் சாத்தினேன்.