ஒரு கார், இரண்டு வீட்டுக் கதை

அழகு நிலையம் நடத்தும் அண்ணிக்கு ஒரு ராசி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தவர்கள், முடி காய்வதற்குள் குடும்ப ரகசியம் முழுவதையும் கொட்டிவிடுவார்கள். அவள் எதுவும் கேட்கமாட்டாள். சீப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை. அவ்வளவுதான்.

அதனால்தான் டைல்ஸ் கடை வைத்திருக்கும் கொழுந்தனார் அவளைத் தேடி வந்தார். பழைய இரும்புக்கடையில் அவருக்கு ஒரு பச்சைக் கார் கிடைத்திருந்தது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய மாடல். எங்கேயும் பார்க்க முடியாத வண்டி. பழைய கார் கண்காட்சியில் அதை நிறுத்த வேண்டும்; யார் யார் கையில் இருந்தது என்று பக்கத்தில் ஒரு போர்டும் வைக்க வேண்டும்.

"யாராவது பெரிய மனுஷன் வண்டியாத்தான் இருக்கும் அண்ணி. கண்டுபிடிச்சுக் குடுங்க."

"சின்ன மனுஷன் வண்டியா இருந்தா?"

"அப்படியெல்லாம் இருக்காது."

இரும்புக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, பல் டாக்டர் வீட்டிலிருந்து வந்தது என்றார். டாக்டர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அவர் மனைவி மட்டும் இருந்தார். அந்த அம்மாளின் நரைமுடிக்கு அண்ணி வீட்டுக்கே போய்ச் சாயம் போட்டாள். காதோரம் வருவதற்குள் கதை வந்துவிட்டது.

"எங்க வண்டிதான். ஆனா அவர் ரிவர்ஸ் எடுக்கிறேன்னு ஸ்கூல் காம்பவுண்டுல மோதிட்டார். பின்பக்கம் அப்பளம். அப்படியே எடைக்குப் போட்டோம்."

அண்ணி பிரஷை நிறுத்தினாள். பச்சைக் காரின் பின்பக்கத்தில் ஒரு நெளிவுகூட இல்லையே.

"இந்த ஊர்லயே இதே மாதிரி இன்னொண்ணுதான் இருந்தது. போட்டோ ஸ்டுடியோக்காரரோட அப்பா வெச்சிருந்தார். அதுவும் அதே வருஷம் தீப்பிடிச்சுப் போச்சு" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் அண்ணி பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனாள். ஸ்டுடியோக்காரர் அவள் மோவாயை இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கம் திருப்பி, கடைசியில் கேமராவையே மறந்துவிட்டுப் பேசினார். "என்ஜின்ல தீ. முன்பக்கம் மொத்தமும் கரி. பின்பக்கம் மட்டும் தப்பிச்சது. அதையும் அப்பா இரும்புக்கடையில தள்ளிட்டார்."

அண்ணிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கே கொழுந்தனாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பதிலாக, இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு டைல்ஸ் கடைக்கு வரச்சொன்னாள். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது. கொழுந்தனாரிடம், "வண்டியோட சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வரேன் தம்பி" என்று மட்டும் சொன்னாள். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

டாக்டர் மனைவி நேரே முன்சீட்டில் ஏறினார். டாஷ்போர்டுப் பெட்டியை முழங்காலால் ஓங்கி ஒரு இடி. டப்பென்று திறந்தது.

"கையால திறந்தா வராது. எங்க வண்டி!"

அதற்குள் ஸ்டுடியோக்காரர் பின்கதவைத் திறந்து, சீட் உறையைத் தூக்கினார். உள்ளே ஒரு கருகிய ஓட்டை. "காலேஜ்ல படிக்கும்போது திருட்டு சிகரெட் பிடிச்சுச் சுட்டது. அப்பாவுக்குத் தெரியாம உறை போட்டு மூடினேன். இது எங்க வண்டிங்க!"

"யாருய்யா நீ? என் வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டு?"

"நீங்க இறங்குங்கம்மா முதல்ல!"

கொழுந்தனார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். அண்ணி டைல்ஸ் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தாள். கப் காலியான பிறகுதான் எதிர்க்கடை வெல்டிங்காரரைக் கூப்பிட்டாள். அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்து, அங்கிருந்தே சிரித்தார்.

"சார், நடுவுல வெட்டி ஒட்டிப் பத்தவெச்சிருக்கு. முன்னாடி ஒரு கார், பின்னாடி ஒரு கார்."

கொழுந்தனாரின் முகம் தொங்கிப்போனது. "அண்ணி... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் தம்பி. நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்கமாட்டார். அது அவருக்கே தெரியும். இரண்டு நாள் அண்ணியோடு பேசவில்லை. மூன்றாம் நாள், போர்டில் என்ன எழுதுவது என்று கேட்டுக்கொண்டு வந்தார். நடந்ததை அப்படியே எழுதச் சொன்னாள்.

கண்காட்சியில் நடுவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார்கள். பரிசு கிடையாது. ஆனால் கூட்டம் முழுக்கப் பச்சைக் காரைச் சுற்றித்தான். டாக்டர் மனைவி முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் முழங்கால் வித்தை காட்டினார். ஸ்டுடியோக்காரர் பின்னாலிருந்து, "இங்கயும் கொஞ்சம் பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். கொழுந்தனார் பூரித்துப்போய், கேட்டவர்களுக்கெல்லாம் தானே கதை சொன்னார். வெல்டிங் தழும்பைக் காட்டத் தரையில் படுத்ததில் புதுச் சட்டை பாழ்.

அண்ணி மற்ற வண்டிகளைப் பார்க்கலாமென்று மெல்ல நடந்தாள். கொழுந்தனார் சொன்ன கதையைக் கேட்டிருந்த வெள்ளைக் கார்க்காரர் ஒருவர் அவள் வருவதைப் பார்த்ததும், வெயில் கொளுத்துகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அவசர அவசரமாகத் தார்ப்பாயை இழுத்து மூடினார்.