போடியார் வாசலில் கிடந்த மதகு

வயல் வட்டைத் தெருவுக்கு அடியில் இருக்கும் அந்த மதகை அழகரத்தினம் ஓவசியர் கட்டினார் என்று இனி யாராவது என் வண்டிலில் இருந்துகொண்டு சொன்னால், அந்த இடத்திலேயே இறக்கிவிடுவேன். போன கிழமை ஒருவரை இறக்கியும் விட்டேன். வெள்ளைச் சட்டை, கையில் குடை, நல்ல மனிதர்தான். "ஓவசியர்ர வேல எண்டா சும்மாவா, எத்தின மாரி கண்டும் அசையாமக் கிடக்கு பாருங்க" என்றார். மாட்டை நிறுத்தி, இறங்கி நடவுங்கள் என்றேன். யாரோ சொன்னதை அவர் சொன்னார், பாவம். என்றாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் காத்தான்குடி முகைதீன்பாவா. இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நான் காக்கா, அண்ணன் முறை. முப்பது வருடமாக மாட்டு வண்டில் ஓட்டுகிறேன். தேற்றாத்தீவுப் பக்கத்து வயல்களின் நெல்லைப் பட்டினத்துக்கு ஏற்றிப் போவேன். வரும்போது ஓடு, மரம், சீமெந்து என்று கிடைத்ததை ஏற்றி வருவேன். மதகைப் பற்றிப் பேச இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மதகின் மூன்று துண்டுக் குழாயையும் பட்டினத்திலிருந்து ஏற்றி வந்தவன் நான்தான். அதனால் எனக்குத் தெரியும், அது இலட்சுமிப்பிள்ளையின் மதகு.

இலட்சுமிப்பிள்ளை மெலிந்த பெண். மண்வெட்டிப் பிடியைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். புருசன் பெயர் கோணாமலை, வாவியில் வலை வீசுகிறவர். ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டார். வீட்டுக்கு வேண்டிய மிச்சப் பேச்சு முழுவதையும் அவள்தான் பேசினாள். அவளுக்குத் தாய்வழியில் வந்த வயல் மூன்று ஏக்கர். எங்கள் பக்கத்தில் காணி பெண்வழியாகத்தான் இறங்கும். அவளுக்குப் பிறகு அது மகள் கண்ணகைக்கு. கண்ணகைக்குச் சீதனம் என்று வேறொன்றும் கிடையாது. அந்த மூன்று ஏக்கர் விளைந்தால் அவளுக்குக் கலியாணம், விளையாவிட்டால் இல்லை.

வயலுக்கும் வாவிக்கும் நடுவில் வண்டில் பாதை ஒன்று ஓடியது. மாரியில் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் இவள் வயலால் இறங்கி, பாதையைக் கடந்து வாவிக்குப் போய்விடும். அந்த நாளில் பாதை தாழ்ந்து கிடந்தது. என் மாடுகள் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறும். கரைச்சல்தான், ஆனால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு மூன்று வருடம் முந்தி அந்தப் பாதையை உயர்த்தி வட்டைத் தெருவாக்க உத்தரவு வந்தது. தெரு முடிகிற இடத்தில்தான் வினாயகமூர்த்திப் போடியாரின் நூறு ஏக்கர் இருந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

தெரு வேலைக்குப் பொறுப்பான அழகரத்தினம் ஓவசியர் சைக்கிளில் வந்து தண்ணீர் போகும் வழியை அளந்தார். எப்போது? ஆவணி மாதத்தில். தண்ணீர் ஓடும் கான் காய்ந்து வெடித்து, ஆடுகள் அதற்குள் படுத்திருந்தன. தண்ணீரே இல்லாத நாளில் வந்து தண்ணீரை அளந்த மனிதரை நான் அன்றுதான் கண்டேன். "ஒரு அடிக் குழாய் போதும்" என்று கொப்பியில் எழுதினார்.

இலட்சுமிப்பிள்ளை அவரைக் கானோரத்து மருத மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு மார்கழியும் தண்ணீர் ஏறி நின்ற உயரத்தில் அந்த மரத்தில் ஒரு கொத்துக் கொத்திவைப்பது அவள் வழக்கம். எட்டு வருடத்துக் கொத்து எட்டும் இருந்தன. மேலே இருந்தது அவள் நெஞ்சுக்கு வந்தது.

"இஞ்ச பாருங்க ஐயா, தண்ணி இவ்வளவுக்கு நிக்கும். ஒரு அடிக் குழாய்க்கால இது எப்பிடிப் போற?"

ஓவசியர் மரத்தைப் பார்த்தார். "அரசாங்கக் கானோரத்து மரத்த வெட்டினதுக்கு உன்னில வழக்கு வெக்கணும். உன்ர புருசன் எங்க? ஆம்புள ஒராளக் கூட்டிக்கு வா, பேசுவம்."

வயல் அவளுடையது, தண்ணீர் அவள் வயலில் நிற்கப்போகிறது, மரத்தில் கொத்தியதும் அவள். பேச மட்டும் ஆம்பிளை வேண்டுமாம். அடுத்த நாள் கோணாமலை போனார். அவர் சொன்னது ஒரே சொல். "பத்தாது" என்றார். அதையும் ஓவசியர் கேட்கவில்லை. ஒரு அடிக் குழாயைத்தான் வைத்தார். அதையாவது ஒழுங்காக வைத்தாரா? கானின் அடிமட்டத்துக்கு வெட்டப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் ஒரு சாண் உயர்த்தி வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு சாண் தண்ணீர் எந்த நாளும் வடியாது என்று மாடு மேய்க்கிறவனுக்கும் விளங்கும்.

அந்த மாரியில் வயலில் பத்தொன்பது நாள் தண்ணீர் நின்றது. கதிர் இன்னும் வெளிவராத குடலைப் பருவத்து நெல், வேரோடு அழுகியது. மணம் தெரு வரை வந்தது. தெரு முடிகிற இடத்தில் போடியாரின் வெள்ளாமை காற்றில் ஆடிக்கொண்டு நின்றது.

இலட்சுமிப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. கோணாமலையின் பெயரில் மனு எழுதுவித்து, பட்டினத்துக்கு மூன்று தடவை அவளே கொண்டுபோனாள். கடைசியில் மேலதிகாரி ஒருவர் தை பிறக்கும் முன்பே நேரில் வந்தார். அவர் நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இவளோடு இறங்கி, மருத மரத்துக் கொத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டரை அடி வாய் வைத்த குழாய் மூன்று துண்டு, அடுத்த மாரிக்கு முந்தி வைக்கவேண்டும் என்று எழுதிப் போட்டார்.

மரத்தில் கொத்தியதற்கு வழக்கு வைக்கப் பார்த்த ஓவசியர் அப்போது பக்கத்தில் நின்று தலையாட்டினாராம்.

ஆவணியில் குழாய் வந்தது. ஏற்றும் இடத்தில் ஒரு வேலையாள் ஒவ்வொரு குழாயின் உள்வாயிலும் தாரால் இங்கிலீசில் எழுதினான். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். "தெருட பேர், காக்கா. வழியில காணாமப் போகாம இரிக்கத்தான்" என்றான். ஒரு நாளைக்கு ஒரு துண்டு, மூன்று நாள் மாடு நுரைதள்ள இழுத்தது. வட்டைத் தெருவுக்குத் திரும்பும் சந்தியில் ஓவசியர் சைக்கிளோடு நின்றார். "போடியார்ர வாசல்ல இறக்கு. மறுகா வட்டைக்குக் கொண்டு போவம்" என்றார். இறக்கினேன்.

அடுத்த பயணம் வந்தபோது குழாய் மூன்றும் போடியாரின் படலைக் கதவுக்கு முன்னால் மண்ணுக்குள் இருந்தன. இரண்டு பக்கமும் கல்லடுக்கிச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். போடியார் புதிதாக ஒரு மோட்டார்க் கார் வாங்கியிருந்தார். வாசலில் ஒரு சின்னக் கான், மாரியிலும் அதில் தவளைதான் நீந்தும். அதன்மேல் கிடந்த பனங்குற்றியில் ஒரு நாள் காரின் சில்லு வழுக்கியதாம். அதற்காக இரண்டரை அடிக் குழாய். ஒரு குமர்ப்பிள்ளையின் சீதனம் அழுகட்டும், போடியாரின் சில்லு நனையக்கூடாது. இதை இப்போது வண்டிலில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு வண்டில் ஓட்டம் தருகிறவர் ஓவசியர். நமக்கேன் வம்பு என்று வாயைப் பொத்திக்கொண்டு மாட்டைத் தட்டினேன்.

இரண்டாவது மாரியும் வயல் முங்கியது. கண்ணகையைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் தைப்பொங்கல் கழிந்து காணி பார்க்க வந்தார்கள். தெருவில் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். "சொல்லியனுப்பிறம்" என்றார்கள். சொல்லியனுப்பவேயில்லை.

பங்குனியில் நான் வழக்கம்போல நெல்லேற்றப் போனேன். இலட்சுமிப்பிள்ளை வயல் வரம்பில் நின்றாள்.

"இந்த வருசமும் ஏத்த ஒண்டுமில்ல, காக்கா. வாங்க, வெயிலுக்க வந்த மனிசன், சோறு திண்டிட்டுப் போகலாம்."

எருமைத் தயிரும் வாழைப்பழமும் போட்டுச் சோறு தந்தாள். கடையில் வாங்கிய அரிசி. மூன்று ஏக்கர்க்காரி கடை அரிசியில் எனக்குச் சோறு போட்டாள்.

"நீங்க பட்டினத்துக்குப் போய் வாற ஆள். அந்தக் குழாய் வந்திட்டா எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்களன். ஓவசியர் இன்னும் வரல்ல, இன்னும் வரல்ல எண்டுதான் சொல்றார்."

கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தேன்.

"அது வந்திட்டு, தங்கச்சி."

"எப்ப?"

"போன ஆவணியில."

"எங்க கிடக்கு?"

சொன்னேன். உள்வாயில் எழுதியிருந்ததையும் சொன்னேன்.

"ஆரு ஏத்திக்கு வந்த?"

"நான்தான்."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சோத்தத் தின்னுங்க காக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலை வெயில் ஏறும்போது போடியார் வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். இவள், கோணாமலை, கண்ணகை, அக்கம்பக்கத்து வயல்காரர்கள். முதல் மண்வெட்டி இவளுடையது. சத்தம் கேட்டுப் போடியார் சால்வையோடு வெளியே வந்தார்.

"ஆரக் கேட்டு என்ர வாசல வெட்டுற?"

"வாசல் உங்கட வாசல்தான், போடியார். குழாய் வட்டைக் குழாய்."

"அதில உன்ர பேரா எழுதிக் கிடக்கு?"

"தெருட பேர் எழுதிக் கிடக்காம். எனக்கு இங்கிலீசு தெரியா. நீங்க படிச்ச ஆள், குனிஞ்சி வாசிச்சுச் சொல்லுங்களன்."

அத்தனை பேருக்கும் முன்னால் போடியார் குனிந்தார். வாசித்தார். நிமிர்ந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கார் வளவுக்குள்ளேயே நின்றது. ஓவசியருக்கு ஆள் அனுப்பினார்கள், அவருக்குக் காய்ச்சலாம். நாலு நாள் காய்ச்சல்.

அந்த நாலு நாளில் அவள் மதகை வைத்து முடித்தாள். கானின் மேல்பக்கத்து அடிமட்டத்திலிருந்து கீழ்ப்பக்கத்து அடிமட்டத்துக்குக் கோணாமலையைக் கொண்டு வலைநூல் இழுத்துக் கட்டுவித்தாள். நூலுக்கு இரண்டு விரல் கீழே வெட்டி, ஆற்றுமணல் பரப்பி மிதித்து, வாவிப் பக்கம் சற்றுச் சரிவாகக் குழாயை இறக்கினார்கள். பொருத்துக்குச் சுண்ணாம்பு, வாய் இரண்டுக்கும் கல்லணை. மண்ணை ஒரே தரத்தில் கொட்டவிடவில்லை. ஒரு சாண் போட்டு மிதித்து, பிறகு ஒரு சாண். ஓவசியரின் ஒரு அடிக் குழாயை என்ன செய்வது என்று கேட்டார்கள். "அது கிடக்கட்டும், ஐயா வந்தாக் காட்டணுமே" என்றாள். இன்றைக்கும் அது பெரிய குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

அந்த மார்கழியில் தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தது. மருத மரத்தில் அவள் கொத்தியது முழங்காலளவில். கண்ணகைக்கு வைகாசியில் கலியாணம். பழைய மாப்பிள்ளை வீட்டார் திரும்பவும் ஆளனுப்பிப் பார்த்தார்கள். இலட்சுமிப்பிள்ளை அவர்களுக்குச் சொல்லியனுப்பவேயில்லை. ஓவசியர் பிறகொரு நாள் வந்து கல்லணையில் தன் பெயரையும் வருடத்தையும் எழுதிவிட்டுப் போனார். அதைப் பார்த்துவிட்டுத்தான் குடை பிடித்த மனிதர்கள் கண்டபடி பேசுகிறார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அன்று காலையில் போடியார் வாசலுக்கு நானும் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வண்டிலில் புது வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனேன். முதல் குழாய் மேலே வந்ததும் வண்டிலைக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏத்துங்க தங்கச்சி. மூண்டையும் நானே கொண்டுபோய் இறக்கித் தாறன். கூலி வேணாம்."

இலட்சுமிப்பிள்ளை முகத்து வியர்வையைத் துடைத்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், குரலில் கோபம் இல்லை.

"வேணாம் காக்கா. உங்கட வண்டில்ல ஏத்தினா அது எங்க போய் இறங்குமெண்டு எனக்குத் தெரியாதே."

வட்டைக்கு ஒரு கட்டை, ஒரு மைல் தூரம். மணல் தெரு. கம்பு கொடுத்து நெம்பி, கையால் தள்ளி, ஒவ்வொன்றாக உருட்டினார்கள். மூன்றாவது குழாய் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவ்வளவு நேரமும் நான் வெறும் வண்டிலை ஓட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போய் வந்தேன்.