ஆண் சிவிங்கி இரை கொண்டுவரும்

என் மகள் மெல்பேர்னில் பிறந்தவள். சனிக்கிழமைகளில் டண்டினொங்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அங்கே வருடத்துக்கு ஒரு முறை பேச்சுப் போட்டி நடக்கும். பெயருக்குத்தான் அது பிள்ளைகளின் போட்டி. பேச்சை எழுதுவது நாங்கள். ரீச்சர் அதைத் திருத்தித் தருவார். பிள்ளை அதை இங்கிலிஷ் எழுத்தில் எழுதிவைத்து, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் பாடமாக்கி, மேடையில் கையை ஆட்டி ஒப்புவிக்கும். கீழே கதிரையில் இருந்தபடி தாய்மார் நாங்கள் வாயசைத்துக்கொண்டிருப்போம்.

அவளுக்குப் பத்து வயதான வருடம் கொடுத்த தலைப்பு 'எனக்குப் பிடித்த விலங்கு'. யானையும் மயிலும் வரிசை கட்டி வரும் என்று தெரியும். மகள் தனக்குச் சிவிங்கிப்புலி, அதுதான் சீட்டா, வேண்டும் என்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். நேர்சிங் ஹோமில் காலை வேலை முடித்து வந்து கதிரையில் சாய்ந்தால் நான் பார்ப்பது ஆப்பிரிக்கப் புல்வெளிப் படங்கள். சிங்கத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கூட்டமாக வந்து மற்றது பிடித்த இரையைப் பறிக்கிறதுக்கு ராஜா பட்டம் வேறு.

சிவிங்கியின் பிழைப்பு வேறு. பெண் சிவிங்கி தனியாகக் குட்டி போட்டு, தனியாகவே வளர்க்கும். வாசம் பிடித்துச் சிங்கம் வந்துவிடும் என்ற பயத்தில் சில நாளுக்கொரு தடவை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு பற்றைக்கு மாறும். வேட்டைக்குப் போகும்போது அவற்றைப் புல்லுக்குள் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். திரும்பி வந்து குருவி மாதிரிக் கீச்சிட்டுக் கூப்பிடும், அதற்குக் கர்ச்சிக்க வராது. அந்த ஓட்டம் ஓடி ஒரு மானைப் பிடித்தாலும் இளைப்பு அடங்கும்வரை அதால் ஒரு வாய் தின்ன முடியாது. அந்த நேரம் பார்த்துக் கழுதைப்புலி வந்து நிற்கும். சிவிங்கி சண்டை பிடிக்காமல் எழும்பிப் போய்விடும். காலில் ஒரு காயம் பட்டால் நாளைக்கு ஓட முடியாது, குட்டிகள் பட்டினி கிடக்கும்.

ஆண் சிவிங்கியின் கதை சுருக்கமானது. கூடப்பிறந்த ஆண்கள் இரண்டு மூன்று சேர்ந்து சாகும்வரை ஒன்றாகத் திரியும். பெண்ணோடு சில நாள் இருக்கும், அவ்வளவுதான். குட்டி பிறந்ததா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது.

என் புருஷன் மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது சிட்னிக்குப் போனவர். பிளாக்டவுனில் அவருடைய தமையன்மார் இருந்தார்கள். இப்போது அங்கே அவருக்கு வேறு குடும்பம். நானும் மகளும் மூன்று வாடகை வீடு மாறி மல்கிரேவுக்கு வந்து சேர்ந்தோம். கோயிலிலும் கலியாண வீட்டிலும் இன்னும் யாராவது அன்ரி, "அவர் வரேல்லையோ?" என்று தெரியாதவர் போலக் கேட்பார். ஆகவே அந்தப் பேச்சை நான் சும்மா எழுதவில்லை, கறுவிக்கொண்டு எழுதினேன். 'ஆண் சிவிங்கி குட்டிகளைத் திரும்பியும் பாராது. தாயே தனியாக வேட்டையாடி வளர்க்கும்.' இந்த வரியை அந்த மண்டபத்தில் என் பிள்ளையின் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மகளின் கொப்பியில் வைத்து அனுப்பினேன். திரும்பி வந்தபோது அந்த வரி வெட்டப்பட்டிருந்தது. மேலே சிவப்பு மையில், 'ஆண் சிவிங்கி இரை கொண்டுவரும். தாய் குட்டிகளோடு இருக்கும்.'

உடனே ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"ரீச்சர், உங்களுக்குச் சிவிங்கியைப் பற்றி என்ன தெரியும்?"

"இல்லை, பிள்ளைக்குச் சொல்லச் சுகமா இருக்கும் எண்டு..."

"பொய் சொல்லுறது எல்லாருக்கும் சுகம்தான். நீங்கள் சிவிங்கிக்கும் தாலி கட்டி வைச்சிட்டியள்."

அவர் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையோட ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ" என்றார்.

"பிள்ளை நான் எழுதினதைத்தான் சொல்லுவாள்" என்று வைத்துவிட்டேன். அன்று முதல் ஒவ்வொரு பின்னேரமும் குசினியில் நான் வெங்காயம் வெட்ட, அவள் என் வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக் காட்டினாள்.

போட்டிக்கு வருவதாகத் தகப்பன் அவளிடம் சொல்லியிருந்தார். அன்று காலை மெசேஜ் வந்தது. வேலையாம், வீடியோ எடுத்து அனுப்பட்டாம்.

"நல்லா எடுங்கோ அம்மா, அப்பாவுக்கு அனுப்போணும்" என்றாள்.

முன்வரிசையில் இருந்து எடுத்தேன். நடுவர்களுக்கு வணக்கம் சொல்லி, வேகத்தைச் சொல்லி, கண்ணீர் வடிந்ததுபோல முகத்தில் இருக்கும் கறுப்புக் கோடுகளைச் சொல்லி, அந்த இடத்துக்கு வந்தாள். நான் வாயசைத்தேன். அவள் தூரத்தில் யாரையோ காட்டுவதுபோல வலக்கையை நீட்டி, "ஆண் சிவிங்கி இரை கொண்டுவரும்" என்றாள்.

ஒரு நடுவர் தலையை ஆட்டி ரசித்தார். நான் போனை இறக்கவில்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது. வாசலில் ரீச்சரைக் கண்டு முறைத்தேன். அவர் குனிந்துகொண்டார்.

காரில் ஏறியதும் வெடித்தேன். "அந்த மனிசி சொல்லித் தந்ததைத்தான் சொன்னனீ, என்ன?"

மகள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ரீச்சர் சும்மா போடேல்ல அம்மா. ஐ ஆஸ்க்ட் ஹெர். அப்பா பார்ப்பார் எல்லே. நீங்கள் எழுதினதைக் கேட்டா ஹி வில் ஃபீல் பாட்."

ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் அந்த மனிசி என் ஏச்சை முழுக்க வாங்கியிருக்கிறார். அவரிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் போனால் என் பிள்ளை எனக்குப் பயந்து அவரிடம் போனதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

"அனுப்பிட்டீங்களோ?" என்றாள்.

கார் நிறுத்திய இடத்திலேயே வைத்து அனுப்பினேன். மூன்று நிமிட வீடியோ. அந்த வரி வருவது இரண்டு நிமிடம் கழிந்த பிறகு. அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு கட்டைவிரல் படம் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அப்பா பார்த்திட்டாரோ?" மகள் சீற்றிலிருந்து எட்டிப் பார்க்கப் பார்த்தாள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

"ஓம்" என்றேன். "நீ கையை நீட்டிச் சொன்ன இடம் நல்லாப் பிடிச்சதாம்."