மைனஸ் ஆயிரம்

லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரேமினியைப் 'பொட்டிக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். தலவாக்கலையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இயங்கும் மகளிர் நிலையத்தில் கணினி பார்ப்பவள் அவள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மலைக்கு ஏறும் பெண்கள் சும்மா போக மாட்டார்கள்.

"என்னா பொட்டிக்காரி, இன்னிக்கி எத்தன கிலோ எடுக்கப் போற?"

"நான் எடுத்தா அரைப்பேருகூட விழாதுக்கா."

எடை குறைந்தால் பாதி நாள்தான் வேலை செய்ததாக எழுதுவதற்கு அங்கே அரைப்பேர் என்று பெயர். அந்தப் பெண்கள் கூடையைக் குலுக்கிச் சிரித்துக்கொண்டே போவார்கள்.

பிரேமினியும் அதே தோட்டத்து ஆறாம் நம்பர் லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்தவள்தான். அப்பா பழனியாண்டி தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் முப்பது வருடம் தூசியைச் சுவாசித்து, அந்தத் தூசியாலேயே செத்தார். தோட்டத்துப் பெண் மலையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சட்டம் போடாமலே நடக்கிறது. பிரேமினி இரண்டுக்கும் போகவில்லை. ஹட்டனில் கணினி படித்தாள். யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்ட பழைய கணினி ஒன்று நிலையத்துக்கு வந்தபோது, கைப்பேசியில் படித்துப் படித்தே அதில் லினக்ஸ் ஏற்றி ஓடவிட்டவள் அவள். முப்பத்தொரு வயதில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

அப்பாவிடமிருந்து ஒரு பழக்கமும் அவளுக்கு ஒட்டியிருந்தது. "தொர சொன்னா மொதல்ல செஞ்சிரு. யோசனைய அப்புறமா வச்சுக்க" என்பார் அவர். பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது நின்று கேள்வி கேட்டவனுக்கு அன்று வேலை கிடைக்காது. நான்கைந்து தலைமுறை அப்படித்தான் சோறு தின்றது.

நிலையத்து நிர்வாகி யோகேஸ்வரன், தோட்டத்தை ஆளும் துரை இல்லை. நல்ல மனிதர்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்.

அவருக்கு ஒரே கவலை, ஊழியர்கள் விரல் வைத்து வருகையைப் பதியும் நிரல். அது ஓட ஓட நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே போகும். பிடித்ததைத் திருப்பித் தராது. எழுதியவன் விட்ட குறை அது. வாரத்தில் இரண்டு தடவை செத்து விழும்.

"என்ன தங்கச்சி இது, வெளிநாட்டுல பணம் தர்றவங்க தினம் பாக்குறாங்க. இனிமே இது விழவே கூடாது."

"சரிங்க சேர்."

ஏன் விழுகிறது என்று பிரேமினிக்குத் தெரியும். எல்லா நிரல்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. நினைவகத்தைப் பங்கிடுவது அதன் வேலை. ஒரே குழாயை இருபது வீட்டுக்கு விட்டுவிட்டு, 'எல்லாருக்கும் தண்ணி இருக்கு' என்று தோட்டம் சொல்வதில்லையா? கெர்னலும் அப்படித்தான். இருப்பதைவிட அதிகமாக எல்லாருக்கும் வாக்குக் கொடுத்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் குடத்தோடு வர மாட்டார்கள் என்ற தைரியம். வந்துவிட்டால், உடனே தேவைப்படாததை எல்லாம் வன்தட்டுக்கு மாற்றி இடம் தேடும். வன்தட்டு மெதுவானது, அப்போது கணினியே மூச்சு வாங்கும். அதிலும் இடம் தீர்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றைக் கொன்றுவிடும். முன்னறிவிப்பு கிடையாது. கையில் இருப்பதைச் சேமித்துக்கொள்ள அவகாசம் கிடையாது. யாரைக் கொல்வது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: அதிக இடத்தைப் பிடித்திருப்பவனுக்கு அதிகப் புள்ளி. அந்தக் கணக்குப்படி வருகை நிரல் விழுந்தது நியாயம்தான்.

ஆனால் அந்தப் புள்ளியில் மனிதர்களும் கை வைக்கலாம். ஒரு நிரலுக்கு எதிரே மைனஸ் ஆயிரம் என்று எழுதிவிட்டால், நினைவகத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் கெர்னல் அதைத் தொடாது.

பிரேமினி எழுதினாள். யோசனையை அப்புறம் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் நாகலெட்சுமி வந்தார்.

அவர் வாக்குமூலம் தர வருவார் என்று எட்டு மாதமாக நிலையம் காத்திருந்தது. அவருடைய மகள் சுலக்ஷனா எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது ஒரு மழை நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. தோட்டத்து அம்பியூலன்ஸ் மூன்று வாரமாகப் பழுது. இருந்த ஒரே வாகனம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்ற லொறி. சுலக்ஷனா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. இறப்பைப் பற்றித் தோட்டத்துப் புத்தகத்தில் 'இரத்தப்போக்கு' என்ற ஒரே சொல் இருந்தது. ஊர் 'விதி' என்றது. விதி என்ற சொல்லைப்போல் குற்றவாளிக்கு வசதியான வக்கீல் உலகத்தில் இல்லை.

விசாரணைக் குழு ஒன்று கண்டியிலிருந்து வருவதாக இருந்தது. பார்த்தவர்களின் வாக்குமூலம் அவர்கள் குரலிலேயே வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். லொறி ஓட்டிய லியனார்ட் வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்டு, 'எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல' என்று சொல்லிவிட்டான். மடுவத்தில் நடந்ததைக் கேட்ட மற்றவர் நாகலெட்சுமி ஒருவர்தான்.

"எங்க புள்ள பேசணும்? இந்தப் பொட்டிக்கிட்டயா?"

"என்கிட்ட பேசுங்கம்மா. அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கும்."

தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் பிரேமினி பதிவைத் தொடங்கினாள். மழைச் சத்தத்தைக் குறைத்துப் பேச்சைப் பிரித்தெடுக்க அவளே எழுதிய நிரல் அது. பேச்சு முழுவதையும் நினைவகத்தில் வைத்திருந்து, நிறுத்து என்று அழுத்தியபின்தான் கோப்பாக எழுதும். அரை மணிநேர வாக்குமூலங்களுக்கு அது போதுமாக இருந்தது.

நாகலெட்சுமி மகள் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார். அவள் நடந்தது, பள்ளிக்குப் போனது, பச்சைப் பாவாடைதான் வேண்டும் என்று அழுதது. ஒரு மணிநேரம் கழிந்துதான் மடுவத்துக்கு வந்து சேர்ந்தார்.

"லியனார்ட் தம்பி 'ஏத்துங்கம்மா, போயிரலாம்'னு கதவத் தொறந்துட்டான் புள்ள. கண்டாக்கையா கொடையப் புடிச்சிக்கிட்டு வந்தாரு. 'கொழுந்து சூடேறிச் செவந்து போயிரும்டா. பெக்டரில எறக்கிட்டு வந்து ஏத்திக்க'ன்னாரு. ஏங் காதால கேட்டேன். நான் அவரு கால்ல விழுந்தேன். 'பொம்பளைங்க பெத்துக்காததா, எந்திரி'ன்னாரு. லொறி போயிட்டு வர ஒன்னே முக்கா மணித்தியாலம்."

கண்டாக்கையா என்பது மலையில் வேலை பார்வையிடும் அதிகாரி. அவருடைய பெயரையும் நாகலெட்சுமி சொன்னார். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை.

பிறகு அவர் குரல் மாறியது. உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது.

"கொழுந்துக்கு வண்டி வந்துச்சே, ஏங் கொடிக்கு வண்டி வரலியே... செவந்து போகும்னு சொன்னீகளே, ஏந் தங்கம் வெளுத்துப் போச்சே..."

அந்த நேரத்தில்தான் திரையில் அம்புக்குறி நின்றுவிட்டதைப் பிரேமினி பார்த்தாள். கணினியின் காற்றாடி இரைந்தது. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிந்தது. என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. 'ஒரு நிமிசம் நிறுத்துங்கம்மா' என்று சொல்லிவிட்டு நிறுத்து பொத்தானை அழுத்தினால், திணறித் திணறியாவது கோப்பு எழுதப்பட்டிருக்கும்.

ஒப்பாரி வைக்கிறவளை நடுவில் நிறுத்தும் வழக்கம் அந்த லயங்களில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளாக அடங்கும்வரை இருக்க வேண்டும். இதில் சாமியும் இல்லை, பேயும் இல்லை. எதுவும் தர முடியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் தரும் மரியாதை. பிரேமினி எழுந்து போய் நாகலெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பொத்தான் அழுத்தப்படாமலே இருந்தது.

அவர் அடங்கியபோது இரண்டு மணிநேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தன. காற்றாடியும் அடங்கியிருந்தது. திரை தெளிவாக, வேகமாக, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. பதிவு நிரல் இருந்த இடம் வெறுமை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து கெர்னலின் குறிப்பேட்டைத் திறந்தாள். ஒளிக்காமல் எழுதியிருந்தது: நினைவகம் தீர்ந்தது, கொல்லப்பட்டது ஒலிப்பதிவு, கையில் வைத்திருந்த அளவு இவ்வளவு, நேரம் மூன்று பதினேழு. அதற்கு மேலே, அந்த நேரத்தில் ஓடிய நிரல்களின் பட்டியல். எல்லாவற்றையும்விடப் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, பதிவைப் போல இரண்டு மடங்கு வீங்கி, வருகை நிரல் இருந்தது. அதற்கு எதிரே மைனஸ் ஆயிரம். அவள் எழுதிய எண்.

"சரி விடு தங்கச்சி, விதி" என்றார் யோகேஸ்வரன்.

"விதி இல்ல சேர். நான் எழுதினது."

நாகலெட்சுமியை மறுபடி அழைத்துவரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இந்தத் தடவை பிரேமினி நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் எழுதும்படி நிரலை மாற்றி வைத்திருந்தாள். நாகலெட்சுமி கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பச்சைப் பாவாடை வரவில்லை. மடுவம் வந்தது.

"லொறி கொழுந்தோட போயிருந்துச்சு. வர லேட்டாயிருச்சு. அவ்வளவுதான் புள்ள."

"கண்டாக்கையா என்ன சொன்னாருன்னு..."

"எனக்குச் சரியா வெளங்கலம்மா. மழை." அவர் சேலைத் தலைப்பைச் சுருட்டினார், அவிழ்த்தார். "எங்க வீட்டுக்காரருக்குத் தோட்டத்துல காவல் வேல குடுத்திருக்காங்க. போன கெழம வீட்டுக்கே வந்து சொன்னாங்க. அவருக்கு முட்டி போயி ரெண்டு வருசம் வேலையில்லாம இருந்தாரு. ஒனக்குத் தெரியாததா?"

பிரேமினி தலையை அசைத்தாள். தெரியும்.

"அன்னிக்கிச் சொன்னது சொன்னதுதான் புள்ள. அது பொட்டியில இருந்திருந்தா இருந்திருக்கும். நானும் மறுத்திருக்க மாட்டேன். இப்ப திரும்பச் சொல்லச் சொல்லாத."

பதினொரு நிமிடப் பதிவு பத்திரமாகக் குழுவுக்குப் போனது. பிரேமினி தான் கேட்டதைக் கையால் எழுதி, கையொப்பமிட்டுக் கூடவே அனுப்பினாள். நேரில் பார்க்காதவர் சொல்வது சாட்சியாகாது என்று ஒரு வரிக் கடிதத்தோடு அது திரும்பி வந்தது.

அன்று அவள் மைனஸ் ஆயிரத்தை அழித்துப் பூச்சியம் போட்டாள். மறுநாள் பத்து மணிக்கே வருகை நிரல் விழுந்தது.

"தங்கச்சி, விழுந்துட்டுது!"

"விழட்டும் சேர்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாலை, லிந்துலை பஸ் மடுவத்து வளைவில் நின்றது. அந்த ஒடுங்கிய பாதையில் கொழுந்து லொறிக்குத்தான் எப்போதும் முதல் வழி. புதுக் காக்கிக் கோட்டு போட்ட ஒருவர் முட்டியைத் தாங்கித் தாங்கி நடுப்பாதைக்கு வந்து, பஸ்ஸை மறித்துக் கையை உயர்த்தினார். நாகலெட்சுமியின் கணவர் மாயாண்டி.

லொறி நிறைந்த கொழுந்தோடு உறுமிக்கொண்டு கடந்தது. ஜன்னலோரத்தில் பிரேமினியைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயர்த்திய கையை இறக்க மட்டும் மறந்துவிட்டார். லொறி போய் வெகுநேரம் ஆகியும் பஸ் அங்கேயே நின்றது.