முற்றத்தில் ஓடிய நூற்றிருபத்தைந்து சிசி

ஆடி மாதம் புன்னைக்காயலிலிருந்து ஆத்தூருக்கு, நூறு சிசி வண்டியில், பின்னால் மனைவியை உட்காரவைத்துக்கொண்டு போனவர்களுக்குத்தான் கச்சான் காற்று என்றால் என்னவென்று தெரியும். ஐந்தாறு கிலோமீட்டர்தான். இரண்டு பக்கமும் உப்பளம், மறைப்புக்கு ஒரு சுவர்கூடக் கிடையாது. மேற்கிலிருந்து நேரே நெஞ்சில் வந்து அறையும். எவ்வளவு முறுக்கினாலும் வண்டி முப்பதைத் தாண்டாது. நான் குனிவேன். பின்னால் அவளும் குனிவாள். அப்போது பார்த்து ஒரு மீன்வண்டி எங்களைச் சாவகாசமாகத் தாண்டிப் போகும். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு போவார்.

என் மனைவிக்கு ஆத்தூரையும் தாண்டித் தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழரைக்கு மிஷினில் விரலை வைக்க வேண்டும். தற்காலிக வேலை. நிரந்தரமா, இல்லையா என்பதை அந்த மாதக் கடைசியில்தான் சொல்வதாக இருந்தார்கள். அந்த மாதம் பார்த்து ஐந்து நாள் தாமதம் விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் தன்னால் ஒன்றும் பேச முடியாது என்று அவளுடைய மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். பேருந்து வரும் நேரம் அவள் வேலைக்கு ஒத்துவராது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு ஒன்பதரைக்குத்தான் வேலை. இருந்தாலும் அவளுக்காக ஆறு ஐம்பதுக்கே கிளம்பிவிடுகிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய?

ஆக, குற்றவாளி காற்று. அதோடு மல்லுக்கட்ட முடியாத வண்டி. எனக்கு அப்படித்தான் பட்டது. இன்ஜினை நூற்றிருபத்தைந்து சிசியாகப் பெரிதாக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். அவளிடம் கேட்டாயா என்றால், கேட்கவில்லை, சொன்னேன்.

ஆத்தூரில் நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணாச்சி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆர்.சி. புக்குல நூறுன்னுதான் இருக்கு. நாளைக்கு யாராவது பிடிச்சா என்னையச் சொல்லக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார். நான் விடவில்லை. இரண்டு நாள் வண்டியைப் போட்டுவைத்து, பழைய பிளாக்கைக் கழற்றிவிட்டுப் பெரிய பிளாக்கும் புதுப் பிஸ்டனும் ஏற்றி, கார்புரேட்டரையும் மாற்றி, சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்தார். சத்தமே வேறு மாதிரி இருந்தது. நான் கிளம்பும்போது ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதுக்கு மேல போவாதீங்க. பிஸ்டன் பழகணும்."

ஐநூறா! நாங்கள் ஒரு நாளைக்குப் போய்வருவதே அறுபது. எட்டு ஒன்பது நாள் நாற்பதிலேயே உருட்டுவதற்கு நான் பழைய இன்ஜினையே வைத்துக்கொண்டிருக்க மாட்டேனா? வீட்டுக்கு வந்து புலம்பினேன். கேட்டுக்கொண்டிருந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. வள்ளத்தில் இன்ஜின் பார்க்கிறவன். புன்னைக்காயலில் அவன் கைபடாத வள்ளத்து இன்ஜின் குறைவு.

"இதுக்கா அத்தான் இவ்வளவு விசனம்? புது இன்ஜின் வச்சா நாங்க வள்ளத்தைக் கரையில கட்டிப் போட்டு ஒரு பகல் முழுக்க ஓடவிடுவோம். சாயங்காலம் பழகிரும். மறுநா எவ்வளவு வேணும்னாலும் முறுக்கிக்கிடலாம்."

அவன் சொன்னது எனக்கு அவ்வளவு நியாயமாகப் பட்டது. இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரம்பித்தோம். டாங்க் நிறையப் பெட்ரோல். மணல் அடிக்கக் கூடாது என்று முற்றத்துச் சுவரோடு ஒட்டி, காற்றே படாத மூலையில் மச்சினன் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தினான். ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கி வலைக்கயிற்றால் கட்டினான். கோயிலிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த தண்ணீரைத் தெளித்துச் சிலுவை போட்டான். வள்ளத்துக்கு என்னென்ன செய்வார்களோ அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள்.

"வண்டி எங்க போவுது?"

"பழகுது" என்றேன்.

எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு சத்தம் கனத்தது. எண்ணெய் தீய்கிற வாடை வந்தது. "பழகும்போது அப்படித்தான் இருக்கும்" என்றான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிரீச்சென்று ஒரு சத்தம், அதோடு நின்றது. கிக்கரில் ஏறி மிதித்தேன், அது இறங்கவில்லை. அவன் யோசித்தான். "தண்ணி பத்தல அத்தான்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் தொட்டித் தண்ணீரை ஒரு வாளி மொண்டு இன்ஜின் தலையில் ஊற்றிவிட்டான். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. உள்ளே ஏதோ டிக்கென்றது. புது பிளாக்கில் முடியளவுக்கு ஒரு விரிசல்.

போனில் அண்ணாச்சி கத்திய கத்தலை முற்றத்தில் எல்லாருமே கேட்டார்கள். "வள்ளத்துக்குக் கடல் தண்ணி உள்ள போயி சூட்டை எடுத்துட்டு வரும். இதுக்குக் காத்துதான்யா எல்லாம். நின்ன இடத்துல வச்சு எவனாவது ஓட்டுவானா?" காற்று! இரண்டு மாதமாக நான் திட்டித் தீர்த்த அதே காற்று. தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன். "நாளைக்கு லோடு வண்டியில தூக்கிப் போட்டுக் கொண்டாங்க" என்று வைத்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மறுநாள் அவள் எப்படிப் போவாள்?

மச்சினனுக்கு வெட்கம். தன் வண்டியைத் தருவதாகச் சொன்னான். அதுவும் நூறு சிசிதான், என்னுடையதைவிடப் பழசு. அவன் ஆறு மணிக்கு வள்ளத்தில் இருக்க வேண்டியவன், அதனால் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே வந்து வாசலில் ஹாரனை அமுக்க ஆரம்பித்துவிட்டான். சாவியைக் கையில் கொடுக்காமல் போகமாட்டேன் என்றான். விழித்தபின் படுத்து என்ன பிரயோஜனம்? ஆறு மணிக்கே கிளம்பினோம்.

உப்பளத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வண்டி நாற்பதில் அலுங்காமல் போனது. முக்காணிப் பாலத்தில்கூட ஒரு தள்ளாட்டம் இல்லை. ஏழு மணிக்கு முன்பே மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் நின்றோம்.

"இன்னைக்கு என்னமோ காத்தே இல்ல" என்றேன்.

"இந்த நேரத்துக்கு என்னைக்குமே அவ்வளவா இருக்காது. வெயில் ஏறத்தான் வலுக்கும்" என்றாள். "ஆறு மணிக்குக் கிளம்புங்கன்னுதான் ரெண்டு மாசமா சொல்லுதேன். நான் பெரிய இன்ஜினா கேட்டேன்?"

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

"அவங்களா அனுப்புதத விட நாமளா போறது மரியாதைன்னு நேத்து எழுதுனேன். நீங்க ரெண்டு பேரும் முத்தத்துல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்ப. இன்னைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்."

டீ கிளாஸைப் பலகையில் வைத்தேன். "குடுக்காத" என்றேன்.

"மாசக் கடைசி வரைக்கும் பையிலயே இருக்கட்டும்" என்று தாளை வாங்கி உள்ளே வைத்தாள்.

அங்கேயே நின்று போனை எடுத்து ஐந்தேகாலுக்கு அலாரம் வைத்தேன். அவள் பார்க்கும்படி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் வைத்தேன்.