எதிரியின் ஜீப்பில் நான்

குரங்கணிக்கு மேலே பளியர் பழங்குடியினரான நாங்கள் காலங்காலமாக வாழும் மலைச்சரிவைத் தன் நிலமென்று சொல்லி, ஒரு எஸ்டேட்காரர் ஜீப்பில் ஆளனுப்பினார். வந்தவர்கள் குடிசைகளை வெட்டிச் சாய்த்தார்கள். தடுத்த என் மனைவியின் மண்டையைக் கம்பால் உடைத்தார்கள். ஆத்திரத்தில் நான் பாறைத் தேன்கூட்டின்மேல் கல்லெறிந்தேன்.

தேனீ வந்தால் அசையாமல் படுக்க வேண்டும் என்பது எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும். எங்கள் சனம் படுத்தது. மாவீரன் நான் மட்டும் எதிரிகளோடு ஓடி, அவர்கள் ஜீப்பிலேயே ஏறிவிட்டேன். தேனீ கொட்டி முகம் வீங்கியதில் யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

“இந்தச் சோலிக்கு இனி வரமாட்டேண்ணே,” என்று ஒருவன் என் தோளில் சாய்ந்து அழுதான்.

“நானும்தான் அப்பு.”

வளைவில் குதித்துத் திரும்பினேன். தலையில் ரத்தத் துணியோடு மனைவி மறுபடி குடிசை போடக் கம்பு நட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க போனீக?”

“அவங்கள வழியனுப்பிட்டு வர்றேன்.”

“வெரசா குழியத் தோண்டுங்க. மறுக்கா வருவாங்க.”