பதினைந்தா, ஐம்பதா?

அந்தக் கறுப்புத் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி அக்கா நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் நான் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். அக்கா என்று நாங்கள் கூப்பிட்டது சீனியர் நர்ஸை. அங்கே எங்கள் எல்லோருக்கும் பயம் பெரிய டாக்டரின் ஆங்கிலம்தான். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். திருப்பிக் கேட்டால், காது கேட்காதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்பார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அக்காவின் முகம் வெளிறிவிடும்.

அன்று மத்தியானம் நல்ல மழை. பள்ளிக்கரணையிலிருந்து ஒரு பெரியவரை அவர் மகள் கொண்டுவந்திருந்தாள். சர்க்கரை ஏறி அரை மயக்கம். சாலையெல்லாம் தண்ணீர் என்பதால் டாக்டர் குரோம்பேட்டை வீட்டிலிருந்து போனிலேயே இன்சுலின் அளவைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"ஃபிஃப்டீன்னாரா, ஃபிஃப்டின்னாரா? கடைசி எழுத்து காதுல விழலியே," என்றார் அக்கா.

பதினைந்துக்குப் பதில் ஐம்பது போட்டால் பெரியவர் எழுந்திருக்கவே மாட்டார். ஐம்பதுதான் தேவை என்றால் பதினைந்து போதாது. மகள் எங்கள் அறை வாசலுக்கு வந்து, "இன்னா சிஸ்டர், ஊசி போடலியா? அப்பா கண்ணே தொறக்கலியே," என்றாள்.

அக்கா டாக்டருக்கு டயல் செய்தார். முதல் தடவை எண் தவறிப்போனது. மறுபடி சுழற்றினார். டாக்டர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா? அதை மட்டும் சொல்லுங்க சார்," என்றார்.

"ஒன் ஃபைவ்," என்ற டாக்டர், ஊசி போட்டாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் நிம்மதியாக மூச்சு விட்டதை அக்கா பிறகு சொன்னார்.

முழங்கால்வரை நனைந்து டாக்டர் வந்து சேர்ந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் பெரியவரின் நாடியையே பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பெரியவர் கண் திறந்தார். அதன்பின் டாக்டர் எந்த அளவையும் இலக்கம் இலக்கமாகத்தான் சொன்னார்.

இன்று மருந்தளவு கம்ப்யூட்டர் திரையில் வருகிறது. காதை நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் சந்தேகம் கேட்கத் தயங்கி நிற்கும் இளம் நர்ஸ்களைக் கண்டால் நானே போய் என்ன சந்தேகம் என்று கேட்டுவிடுவேன். அன்று ரயிலடிக்கு நடந்தபோது அக்கா என் கையை விடாமல் சொன்னது அப்படி.

"அவர்கிட்ட திரும்பக் கேக்கறதுக்குப் பதிலா, ஐம்பதே போட்டுடலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்டி."